டி.சி. நாளைக்கு வரும் என்றால், வெட்டுவதும் நாளைக்கே

“தகடு இறங்கிடுச்சு சார், டி.சி. நாளைக்கு மெயில்ல வந்துடும்.” துவாக்குடி, அம்பத்தூர், கணபதி என்று எந்தப் பட்டறைப் பக்கம் போனாலும் இது காதில் விழும். டி.சி. என்பது தகட்டின் சோதனைச் சான்று, டெஸ்ட் சர்டிபிகேட். நாளை என்பது பத்து நாளாகும். அதற்குள் தகட்டை வெட்டி, உருட்டி, வெல்டிங்கும் முடிந்திருக்கும். அப்புறம் வருகிற தாளில் என்ன எழுதியிருந்தாலும் வாங்கி ஃபைலில் வைக்க வேண்டியதுதான். டி.சி. இல்லாமல் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன் என்கிற தலைமையாசிரியரின் கறாரில் பாதியாவது நம் ஸ்டோரில் இருக்க வேண்டும்.

தவறு பெரும்பாலும் ஆர்டர் போடும் அன்றே நடந்துவிடுகிறது. பர்ச்சேஸ் ஆர்டரில் “வித் டி.சி.” என்று மட்டும் எழுதுகிறோம். எந்த டி.சி.? ஈ.என். 10204 என்ற ஐரோப்பியத் தரம் நான்கு வகை சொல்கிறது. நம் ஊர் ஆலைகளும் தாளின் மேல்மூலையில் அதைத்தான் போடுகின்றன. 2.1 என்பது “நீங்கள் கேட்டபடி அனுப்பினோம்” என்ற உறுதிமொழி. சோதனை எண் ஒன்றுகூட இருக்காது. 2.2-இல் எண்கள் இருக்கும். ஆனால் அவை உங்கள் தகட்டின் எண்களாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதே முறையில் தயாரான வேறு சரக்கைச் சோதித்ததாகவும் இருக்கலாம். 3.1-இல்தான் உங்களுக்கு வந்த சரக்கை, அல்லது அது சேர்ந்த லாட்டை, சோதித்த முடிவு வரும். அதில் கையெழுத்துப் போடுபவர் ஆலையின் ஆள்தான் என்றாலும் உற்பத்திப் பிரிவுக்குக் கட்டுப்படாதவர். 3.2-இல் அவரோடு உங்கள் தரப்பு ஆய்வாளரோ, சட்டப்படி நியமிக்கப்பட்டவரோ சேர்ந்து கையெழுத்திடுவார். யாராவது இன்னும் 3.1.பி என்று எழுதினால் அது 1991 பதிப்பின் பெயர், 2004-லேயே மாறிவிட்டது.

கேட், ரேக், மெஷின் ஸ்டாண்டுக்கு 2.2 போதும். அழுத்தம் தாங்குவது, பாரம் தூக்குவது, ரசாயனமோ உணவோ தொடுவது என்றால் 3.1-க்குக் கீழே இறங்காதீர்கள். 3.2-ஐ கௌரவத்துக்காகக் கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆய்வாளரின் நாள் கட்டணமும் அவர் தேதிக்காகக் காத்திருப்பதும் உங்கள் தலையில்தான் விழும். வாடிக்கையாளரின் டிராயிங் கேட்டால் கேளுங்கள். அதையும் ஆலை சோதிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சரக்கு கடைக்கு வந்த பிறகு கேட்டால், துண்டு வெட்டி மறுபடி சோதிக்க வேண்டிவரும்.

3.2 வீண் என்று இதற்குப் பொருளில்லை. 3.1 முழுக்க ஆலையின் நாணயத்தில் நிற்கிறது. அது தவறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். நாசாவின் ஓ.சி.ஓ., குளோரி என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் 2009-லும் 2011-லும் ஏவப்பட்டபோது ராக்கெட்டின் மூக்குக்கூடு பிரியவில்லை, இரண்டும் போயின. இழப்பு 70 கோடி டாலருக்கு மேல். அந்தக் கூட்டுக்கு சாபா என்ற நிறுவனம் கொடுத்த அலுமினியத்தின் சோதனைச் சான்றுகள் பொய் என்று பின்னர் தெரிந்தது. 19 ஆண்டுகள் அந்த மோசடி நடந்திருக்கிறது. 2019-இல் 4.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள்.

நம் ஊரில் ஆபத்து ஆலையைவிட நடுவழியில் அதிகம். டீலர் தன் லெட்டர்ஹெட்டில் எண்களைத் திருப்பி டைப் அடித்து 3.1 என்று கொடுத்தால் வாங்காதீர்கள். ஆலையின் தாளை, மூலமோ நகலோ, ஒரு எழுத்தும் மாற்றாமல் தருவதுதான் அவர் வேலை. விலை தெரிந்துவிடும் என்று ஆலையின் பெயரை வெள்ளை மை பூசி மறைத்த நகலும் அதே கதைதான்.

தாள் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஹீட் நம்பர், அதாவது தகடு எந்த உருக்கிலிருந்து வந்தது என்று சொல்லும் எண். அதைத் தாளில் பார்த்தால் பாதி வேலை. தகட்டின் மேலே குனிந்து பார்க்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆசிட் டேங்குக்கு 316எல் தகடு வாங்கினோம். தாளில் மாலிப்டினம் 2.04, ஹீட் நம்பரும் ஒத்துப்போனது. ஆனால் தகட்டில் அந்த எண் மட்டும் லேசாகக் கோணலாக, மற்ற எழுத்துகளைவிடக் கறுப்பாக இருந்தது. தின்னர் நனைத்த துணியால் துடைத்தேன். அடியில் வேறொரு எண்ணின் நிழல். உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப். கன்னை வைத்தால் மாலிப்டினம் 0.2. அதாவது 304. லாரி அன்று மாலையே திரும்பிப் போனது. காந்தத்தை வைத்துப் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது, இரண்டுமே ஒட்டாது. நிக்கல் குறைந்த 200 வரிசைத் தகடும் ஒட்டாது என்பதால், ஸ்டெயின்லெஸ் வாங்கும்போது காந்தத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

அந்தக் கன்னுக்கும் ஒரு குறை உண்டு. கார்பனைப் பார்க்க அதனால் முடியாது. 304-க்கும் 304எல்-க்கும் வித்தியாசமே கார்பனில்தான்: எல் என்றால் 0.030 சதவீதத்துக்கு மேல் கூடாது. சந்தேகம் வந்தால் சின்னத் துண்டை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற லேபில் ஸ்பெக்ட்ரோவுக்குக் கொடுங்கள். தாளில் “304/304எல்” என்று இரண்டும் போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். கார்பன் எல்-லுக்கு உரியபடி குறைந்தும், இழுவலிமை 304-க்கு உரிய 515 எம்.பி.ஏ.-வுக்குக் குறையாமலும் இருந்தால் அது நேர்மையான இரட்டைச் சான்று.

மைல்ட் ஸ்டீலுக்குக் கால்குலேட்டர் போதும். கார்பனோடு மாங்கனீஸில் ஆறில் ஒரு பங்கு, குரோமியம், மாலிப்டினம், வனேடியம் சேர்ந்ததில் ஐந்தில் ஒன்று, நிக்கல், தாமிரம் சேர்ந்ததில் பதினைந்தில் ஒன்று, இதுதான் சி.ஈ., அதாவது கார்பன் ஈக்குவலன்ட். கார்பன் 0.18, மாங்கனீஸ் 1.05, குரோமியம் வகையறா 0.05, நிக்கலும் தாமிரமும் 0.03 என்றால் விடை 0.37 வர வேண்டும். தாளில் 0.31 என்று இருந்தால் யாரோ எண்ணை மாற்றியிருக்கிறார்கள், கூட்டலை மாற்ற மறந்துவிட்டார்கள். தாளில் 6 மி.மீ., லாரியில் 8 மி.மீ. என்பதையும், இன்வாய்ஸ் தேதிக்குப் பிந்தைய சோதனைத் தேதியையும் பார்த்துவிடுங்கள். ஐ.எஸ். 2062 தகடு என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் சி.எம்/எல் எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது என்று தெரியும். கொதிகலன் வேலைக்கு இவை எதுவும் போதாது, ஐ.பி.ஆர். (இந்தியக் கொதிகலன் விதிகள்) படிவம் தனியாக வேண்டும்.

அடுத்த ஆர்டரில் இப்படி எழுதுங்கள்: “ஈ.என். 10204, 3.1, ஆலையின் தாள் மாற்றமின்றி, ஹீட் நம்பர் ஒவ்வொரு தகட்டிலும் ஆலையின் குறியாக, தாள் சரிபார்த்த பின்பே சரக்கு ஏற்கப்படும்.” டீலர் முணுமுணுப்பார். ஒரு தடவை லாரி திரும்பினால் அடுத்த தடவை தாள் முன்னாடியே வந்துவிடும்.

கடைசியாக, வெட்டும் பையனிடம் சொல்ல வேண்டியது. தகட்டின் ஒரு மூலையில்தான் ஹீட் நம்பர் இருக்கும். கேஸ் கட்டிங்கைத் தொடங்கும் முன் அதை மீதித் துண்டிலும் பஞ்ச் அடித்துவிட வேண்டும். மெல்லிய தகடென்றால் பெயிண்ட் மார்க்கரில் எழுதலாம். அப்படி எழுதாமல் ரேக்கில் சாய்த்து வைத்த துண்டு, எத்தனை நல்ல ஆலையிலிருந்து வந்ததானாலும், இனி ஸ்டாண்டுக்கும் பிராக்கெட்டுக்கும்தான்.