துணைக்கு ஆள் வைக்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. பதிவுக் கட்டணம், டெபாசிட், ஒரு மாதச் சம்பளம் என்று முன்பணம் கேட்பார்கள். கேட்பது தவறில்லை. ஆளைக் கண்ணில் காட்டாமலே கேட்டால்தான் உஷாராக வேண்டும்.

முதலில் வரப்போகிறவரைப் பெரியவரோடு அரை மணி நேரம் பேசவிடுங்கள். அவருக்குப் பிடிக்காவிட்டால் எவ்வளவு கட்டினாலும் வீண். ஆதார் நகல் வாங்குங்கள்; முன்பு வேலை பார்த்த வீட்டுக்கு ஒரு போன் போட்டு விசாரியுங்கள்.

முன்பணம் கொடுத்தே தீர வேண்டுமென்றால், என்னைக் கேட்டால் ஒரு வாரச் சம்பளத்துக்கு மேல் வேண்டாம். அதுவும் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். "மேனேஜர் நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க சார்" என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ரசீதில் தொகை மட்டும் இருந்தால் போதாது. ஆள் பாதியில் நின்றால் எத்தனை நாளில் மாற்று ஆள் வருவார், வராவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்" என்பது ரசீது ஆகாது.

பணத்தைத் திருப்பித் தருகிறோம், யுபிஐ பின் நம்பரைப் போடுங்கள் என்றால் சந்தேகமே வேண்டாம், மோசடிதான். பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். சேவையில் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.