தலைவருக்குத்தான் பதவிக்காலம், கிராம சபைக்கு இல்லை

"தலைவரே இல்லை, கிராம சபை மட்டும் எதுக்கு?" சிங்காரப்பேட்டைப் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி காதில் விழுகிறது. கேட்பவர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் "அதானே" என்கிறார். அத்தோடு விஷயம் தீர்ந்துபோகிறது.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குள் தேர்தல் நடக்கவில்லை. நிர்வாகம் தனி அலுவலரிடம் போனது. கிராம ஊராட்சிக்கு வட்டார வளர்ச்சி அலுவலர்தான் (பி.டி.ஓ.) அவர். காலாவதியானது தலைவரும் வார்டு உறுப்பினர்களும் மட்டுமே. கிராம சபை என்பது யார்? அரசியல் சாசனமே சொல்கிறது: ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும். உங்கள் பெயருக்கு ஐந்தாண்டுக் கெடு யாராவது வைத்தார்களா? தலைவர் பதவியில் இருந்து கூட்டத்தைக் கூட்டாமல் விட்டால்கூட, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் கூட்டலாம் என்று 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வழி வைத்திருக்கிறது. தலைவர்கள் வீட்டுக்குப் போன மூன்றே வாரத்தில், ஜனவரி 26 அன்று, தமிழ்நாடு முழுக்கக் கிராம சபை நடந்தது. வராதவர்கள்தான் இன்று "நடக்காது" என்கிறார்கள்.

உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்தே தலை நரைத்தவன் நான். செலவுச் சீட்டை எடுத்தால் முதலில் தேடுவது தீர்மான எண்ணைத்தான். தலைவர் இருக்கும் காலமாக இருந்தாலும் தனி அலுவலர் இருக்கும் காலமாக இருந்தாலும் அது இல்லாமல் போனால் தணிக்கைத் தடை விழும். கிராம வளர்ச்சித் திட்டம், வரவு செலவுத் திட்டம், தணிக்கை அறிக்கை மூன்றுக்கும் ஒப்புதல் தருவது கிராம சபையின் வேலை என்று அதே சட்டம் சொல்கிறது. உண்மையில், தட்டிக் கேட்க வார்டு உறுப்பினர்கூட இல்லாத காலத்தில்தான் இந்தக் கூட்டத்துக்கு ஆள் கூட வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தீர்மானம் வாசிப்பதற்குள் வண்டியை எடுத்துவிடுகிறோம்.

தலைவர் இல்லையென்றால் ஒன்றும் நடக்காது என்ற இந்த வதந்திக்கு ஒரு கால் உண்மையில் ஊன்றியிருப்பதையும் சொல்ல வேண்டும். 2016-க்குப் பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தேர்தல் நடக்காமல் கிடந்தபோது, 14-ஆவது நிதிக்குழு மானியத்தை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அது தேர்தலைத் தள்ளிப்போட்டதற்கு ஊர் கொடுத்த விலை. அப்போதும் வீட்டு வரியும் மாநில நிதிக்குழு மானியமும் நின்றுவிடவில்லை. இருக்கிற பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமையும் நிற்கவில்லை.

"திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுத்தால் போதும்" என்பது அடுத்த சாக்கு. கொடுங்கள். அந்த மனு அதே பி.டி.ஓ. மேசைக்குத்தான் திரும்பி வரும். 'ஊராட்சித் தீர்மானம் உண்டா?' என்று கேட்பார்கள்.

"எம்.பி. நினைத்தால் கொடுத்துவிடுவார்." அவருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். கிருஷ்ணகிரித் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு கோடிகூட வராது. அதிலும் அவர் பரிந்துரைப்பதோடு சரி, அனுமதி மாவட்ட நிர்வாகத்திடம்.

"ஓசூர்ல வேலை பார்க்கிறவங்க வரியெல்லாம் ஓசூருக்கே போகுது." தொழில் வரியைப் பொறுத்தவரை சரி, வேலை செய்யும் இடத்து உள்ளாட்சிக்குத்தான் அது. ஆனால் இங்கே கட்டும் வீட்டு வரி இங்கேயேதான் இருக்கிறது.

"பெங்களூரு, ஓசூர்னு ஓடுறவனுக்கு நேரம் ஏது?" இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும். ஆண்டுக்கு ஆறு கிராம சபை. அவற்றில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் சட்டப்படி சம்பளத்தோடு விடுமுறை. நவம்பர் 1 உள்ளாட்சி தினம்; அன்று கர்நாடகத்தில் ராஜ்யோத்சவ விடுமுறை. பெங்களூரு போகிறவருக்கு மிச்சம் மார்ச் 22 ஒன்றுதான்; ஓசூர் போகிறவருக்கு நவம்பர் 1-உம் சேர்த்து இரண்டு. நேரமில்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்.

போய் என்ன கேட்பது? சமுதாயக் கூடமும் அலங்கார வளைவும் பிறகு. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. வேன்களை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை நாடே பார்த்தது. 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அந்த ஏரிகளின் வரத்துக்கால்வாயும் கலங்கலும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேளுங்கள். அரசுப் பணம் போதாது என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் திரட்டினால் மிச்சத்தை அரசு போடும். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கத் தெரிந்த நமக்கு இது முடியாததா?

அடுத்த ஆண்டுக்கான கிராம வளர்ச்சித் திட்டத்தை அக்டோபரிலேயே எழுதத் தொடங்கிவிடுவார்கள். மே மாதம் போய் மைக்கைப் பிடித்துக் கத்திப் பயனில்லை. அக்டோபர் கூட்டத்துக்கு வாருங்கள், வரவு செலவுக் கணக்கை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், உங்கள் ஏரியின் பெயர் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.