ஆடிட்டரிடம் போகும் முன் ஓர் ஒர்க்ஷீட்

வீட்டில் கொஞ்சம் வயலும் இரண்டு கறவை மாடுகளும் இருந்தால், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் உள்ள எக்ஸெல் தொகுப்பிற்கு நல்ல வேலை இருக்கிறது. எங்கள் கணக்கை நான் அதில்தான் வைத்திருக்கிறேன்.

புதிய ஒர்க்ஷீட்டின் முதல் வரிசையில் தேதி, விவரம், வகை, வரவு, செலவு என ஐந்து செல்களில் டைப் செய்திடுங்கள். முக்கியமானது ‘வகை’தான். ஒவ்வொரு வரியிலும் அதில் வயல் அல்லது மாடு என எழுதவும். நெல் விற்ற பணத்திற்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. பால் விற்ற பணமோ விவசாய வருமானம் ஆகாது. இரண்டையும் கலந்து கொடுத்தால் பாவம், ஆடிட்டர் என்ன செய்வார்? டேட்டா டேப்பில் பில்டர் கிளிக் செய்து ‘மாடு’ மட்டும் தேர்ந்தெடுத்தால் அந்தக் கணக்கு தனியே வந்துவிடும். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை ஒரு ஷீட்.

பலகையில் ஆடிட்டர் என எழுதியிருப்பவர் எல்லாரும் சி.ஏ. அல்ல, கேட்டுக் கொள்ளுங்கள். கட்டணத்தையும் முதலிலேயே கேளுங்கள். “சொந்த வயலில் விளைந்த தீவனத்தை மாட்டுக்குப் போட்டால் எப்படி எழுதுவது?” என்றும் கேட்டுப் பாருங்கள். பொறுமையாக விளக்குபவரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வருமான வரித் துறையின் இணைய தளத்தில் உங்கள் மொபைல் எண்ணும் இமெயிலும்தான் பதிவாகியிருக்க வேண்டும். அங்கே ஆடிட்டர் அலுவலக எண் இருந்தால், நோட்டீஸ் வந்த தகவல் உங்களை எட்டாமலே போகலாம். பாஸ்வேர்டும் உங்களிடம் இருக்கட்டும். ரிட்டர்ன் தாக்கலானதும் அதற்கான ஒப்புகை பி.டி.எப். பைலைக் கேட்டு வாங்கி, ஒர்க்ஷீட் உள்ள அதே போல்டரில் சேவ் செய்து, பென் டிரைவிலும் ஒரு காப்பி வைத்திடுங்கள்.