குட்டியைத் தாயிடமே விடுங்க

"பூனை வளர்த்தும் எலி போகலைங்க" என்று சொல்கிற உழவர்கள் நிறைய. நானும் அப்படிச் சொன்னவன்தான். கோளாறு பூனையிடம் இல்லை, குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கிற நாளில் இருக்கிறது என்று புரிய எனக்கு இரண்டு ஈத்து ஆனது.

அன்னூர் பக்கம் எங்கள் தோட்டம். சாளை அட்டாலியில் விதைச்சோளமும் விதைக்கடலையும் இருக்கும், கட்டுத்தரையை ஒட்டி சோளத்தட்டுப் போர். எலிக்கு இதைவிட என்ன வேணும்? ரசாயன உரமும் பூச்சிமருந்தும் நிறுத்தின பிறகும் எலி மருந்தை மட்டும் நான் விடவில்லை. "அது மண்ணுக்குப் போறதில்லையே" என்று ஒரு சமாதானம். அந்த வருசம் எங்கள் பூனை மூணு குட்டி போட்டிருந்தது. விதைக்கடலை மூட்டையை எலி ஓட்டை போட்டதும் பொறுமை போய், போருக்கடியில் எலிக்கேக் வைத்தேன். ஒரு வாரத்தில் தாய்ப்பூனை செத்துக் கிடந்தது. குட்டிகளுக்கு அப்போது நாலு வாரம்.

அந்தக் கேக்கில் இருக்கிற புரோமடியோலோன் ரத்தத்தை உறைய விடாது. எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். அந்த மாதிரி எலிதான் பூனைக்குச் சுலபமாக அகப்படும். எலியின் உடம்பில் இருக்கிற விசம் அப்படியே பூனைக்கும் போகிறது. சீக்கிரம் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வழி உண்டு. எனக்கு அது அன்றைக்குத் தெரியாது.

குட்டிகளை அம்மா சோறும் தயிரும் கொடுத்து வளர்த்துவிட்டார். நல்லா கொழுகொழுன்னு வளர்ந்தன. ஆனால் எலி குறுக்கே ஓடினால் வேடிக்கை பார்த்தன. ஒண்ணு மட்டும் ரொம்ப நாள் கழித்துத் தானாகப் பழகியது. மற்ற இரண்டும் அடுப்படிப் பூனைகள்தான்.

மருந்தை அதோடு விட்டேன். அடுத்து ஒரு பெட்டைப் பூனை வந்து சேர்ந்து, தட்டுப்போரில் நாலு குட்டி போட்டது. இந்த முறை கை வைக்காமல் கவனித்தேன்.

பிறந்த குட்டிக்குக் கண்ணும் திறக்காது, காதும் கேட்காது. சூட்டையும் வாசத்தையும் வைத்தே மடியைத் தேடும். சில நாளிலேயே ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். தாய் வயிற்றடியை நக்கிவிட்டால்தான் குட்டிக்கு மூத்திரமே போகும், ஏறக்குறைய மூணு வாரம் வரை இப்படித்தான். கழிவையும் தாயே நக்கித் தின்றுவிடுவதால் படுக்கையில் நாத்தம் இருக்காது, கடுவனோ நாயோ மோப்பம் பிடித்து வருவதும் குறையும். கண் திறக்க ஏழு முதல் பதினாலு நாள்.

நான் ஒரு நாள் போரை விலக்கிப் பார்த்தேன். மறுநாள் நாலையும் ஒவ்வொன்றாகக் கவ்வி வேறு மூலைக்கு மாற்றிவிட்டது. பிடரியைக் கவ்வினதும் குட்டி துவண்டு தொங்குகிறது, ஒரு அசைவு இல்லை. தென்கலை வைணவர்கள் சரணாகதிக்கு 'மார்ச்சால நியாயம்' என்று இதைத்தான் உவமை சொல்கிறார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேணும், பூனைக்குட்டிக்கு அந்தக் கவலை இல்லை.

பாடம் நாலாவது வாரத்துக்கு மேல்தான் தொடங்குகிறது. முதலில் செத்த எலியைக் கொண்டு வந்து குட்டிகளுக்கு முன்னால் தானே தின்றது. பிறகு தின்னாமல் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தது. அப்புறம் குத்துயிராக இருக்கிற சுண்டெலி. கடைசியில் உயிரோடு கொண்டு வந்து நடுவில் விட்டது. கொண்டு வரும்போது ஒரு தனிக் குரல் கொடுக்கும், குட்டிகள் ஓடி வரும். சுண்டெலி தப்பி ஓடினால் தாய் பாய்ந்து பிடித்து மறுபடியும் குட்டிக்கு முன்னாலேயே போடும். ஏழெட்டு வாரம் ஆனதும் பாலுக்கு வந்தால் வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் திண்டுமேல் ஏறிவிடும். பசித்தால் போய்ப் பிடி என்று அர்த்தம். நாம எருமைக்கன்னுக்குப் பால் மறக்கடிக்கப் படுகிற பாடு அதுக்கு இல்லை!

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சீன அறிவியலாளர் குவோ 1930ல் வெளியிட்ட ஆய்வில், தாய் எலி கொல்வதைப் பார்த்து வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலி கொன்றன. தனியே வளர்ந்த 20ல் கொன்றவை 9. எலிக்குஞ்சோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18ல் மூன்றுதான். அமெரிக்காவில் ஃபிலிஸ் செஸ்லர் 1969ல் காட்டியது இன்னொன்று: ஒரு வேலையைச் சொந்தத் தாய் செய்வதைப் பார்க்கிற குட்டி, வேறு பூனையைப் பார்க்கிற குட்டியைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. என் மூணு குட்டிகளுக்கு அந்த வாத்தியார் இல்லாமல் போனதுக்குக் காரணம் நான்.

ஆகவே தோட்டத்துக்குக் குட்டி கேட்கிறவர்கள் 'கண்ணு தொறந்துருச்சா, குடுங்க' என்று கேட்காதீங்க. குறைந்தது எட்டு வாரம், முடிந்தால் பத்துப் பன்னிரண்டு வாரம் தாயோடு இருக்கட்டும். மனுசரிடம் பழகுவதும் அந்த முதல் ஏழு வாரத்தில்தான், அதனால் மூணாவது வாரம் முதல் குட்டி இருக்கிற இடத்திலேயே தினம் சற்று நேரம் தொட்டுப் பழக்கினால் போதும். தாய் எலி பிடிக்கிற பூனைதானா என்றும் விசாரியுங்க. எலி வேணும்னா பூனையைப் பட்டினி போடணும் என்பது தப்பு, தெம்பிருக்கிற பூனைதான் வேட்டைக்குப் போகும்.

பெருச்சாளியைப் பெரும்பாலான பூனைகள் தொடுவதில்லை, வரப்பு வளைக்குக் கிட்டியும் ஆந்தைக்குக் குச்சியும் வைத்தே ஆகணும். ஓணானையும் குருவியையும் பூனை பிடிக்கும் என்பதால் கூட்டம் பெருக விடக்கூடாது. தேவைக்கு மேல் போனால் கருத்தடை செய்துவிடுங்க. நாற்றங்காலில் மண் கிளறி மலம் கழிக்கும், அதில் கிருமி உண்டு. மேலே முள்ளோ வலையோ போடுங்க, கர்ப்பிணிப் பெண்கள் அந்த மண்ணைக் கையால் அள்ள வேண்டாம்.

நாலு குட்டியில் இரண்டை எங்களுக்கு வைத்துக்கொண்டோம். ஒண்ணை எடுத்துப் போக பங்காளி ஒருத்தர் ஆறாவது வாரமே சாக்கோடு வந்துவிட்டார். "மாமா, இப்பத்தான் உயிர் எலி வந்திருக்குது, இன்னும் ஒரு மாசம் போகட்டுங்க" என்று காப்பி கொடுத்து அனுப்பினேன். போகிறபோது அவர் வீட்டில் எலிக்கேக் இருக்கிறதா என்றும் கேட்டு வைத்தேன். இருக்கிறதாம். அதை எடுத்த பிறகுதான் குட்டி.