போட்டி ஷாட்கன்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது

ட்ராப், ஸ்கீட் ஆகிய ஒலிம்பிக் போட்டிகளில் 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள களிமண் தட்டுகளைச் சுட்டு உடைக்கப் பயன்படும் ஷாட்கன், பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரு குழல்கள் அமைந்த 12 போர் துப்பாக்கியாகும். (தட்டுகளில் இன்று களிமண் இல்லை, சுண்ணாம்புக்கல் பொடியும் கீலும் கலந்தே அவை வார்க்கப்படுகின்றன.) ரைஃபிளில் கண்ணருகே இருக்கும் பின்குறி இத்துப்பாக்கியில் கிடையாது, சுடுபவரின் கண்ணே அந்த இடத்தில் நிற்பதால், மரக்கட்டை முகத்தோடும் தோளோடும் பொருந்தும் விதமே குண்டுகள் போய்ச்சேரும் இடத்தைத் தீர்மானிக்கிறது. இப்பொருத்தத்தைச் சீராக்குவதற்கான உறுப்புகள் சந்தையில் ஏராளமாக இருக்க, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முற்படுபவர் விலையையும் பெயரையும் பார்க்குமுன், செய்த மாற்றம் பொருந்தாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப இயலுமா என்று கேட்டுக்கொள்வதே முறை.

எந்த வேலையாயினும் துப்பாக்கியைத் திறந்து, தோட்டா அமரும் இரு அறைகளும் வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, தோட்டாக்களை வீட்டின் வேறோர் அறையில் வைத்த பின்னரே தொடங்கப்பட வேண்டும். குழலின் உட்புறம் தடையின்றி இருக்கிறதா என்பதையும் அப்போதே ஒளிக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். 12 போர் துப்பாக்கிக்குள் தவறுதலாக இட்ட, அதைவிடச் சிறிய 20 போர் தோட்டா அறையைத் தாண்டிச் சற்று முன்னே சென்று சிக்கிக்கொள்ள, அதன் பின்னால் உரிய தோட்டாவை இட்டுச் சுட்டுக் குழல் வெடித்த விபத்துகள் உண்டு. 20 போர் தோட்டாக்கள் மஞ்சள் நிற உறையில் வருவதற்குக் காரணம் இதுவே.

பொருத்தத்தில் முதன்மையானது கோம்ப், அதாவது கட்டையில் கன்னம் பதியும் மேல்விளிம்பு. இது நிலையானதாகவோ, திருகுகளால் உயர்த்தவும் பக்கவாட்டில் நகர்த்தவும் தக்கதாகவோ அமையும். கண்ணுக்கும் குழல்முனையில் முன்குறியாக உள்ள மணிக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 1 மீட்டர் எனக் கொண்டால், கோம்பை 1 மில்லிமீட்டர் உயர்த்துவது 35 மீட்டர் தொலைவில் குண்டுத்தொகுதியைச் சுமார் 35 மில்லிமீட்டர் மேலே தள்ளும். ட்ராப்பில் தட்டு எழுந்துகொண்டே விலகிச் செல்வதால், குண்டுகளில் பெரும்பகுதி குறிக்கு மேலே விழும்படி கோம்பைச் சற்று உயரமாக வைப்பது வழக்கம். ஸ்கீட்டில் மேலும் கீழும் சமமாக விழுவதையே பலரும் விரும்புவர். வளரும் பருவத்தினருக்கும், தம் நிலைப்பாடு இன்னும் உறுதிப்படாத புதியவருக்கும் நகரும் கோம்பே ஏற்றது என்பதில் ஐயமில்லை. நிலையான கட்டையைச் செதுக்கிச் சரிசெய்தால் எடையும் குறையும், தளரக்கூடிய திருகும் இராது. ஆயினும் செதுக்கிய மரம் திரும்பி வராது. ஆகவே நகரும் கோம்பில் ஓராண்டேனும் சுட்டு அளவுகள் மாறாமல் நிலைத்த பின்னர், அவ்வளவிலேயே நிலையான கட்டையைச் செய்வித்துக்கொள்வது இரண்டின் நன்மையையும் தரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னர் பழைய அளவைக் குறித்துவைத்து, 35 மீட்டரில் கட்டிய பெரிய தாளில் பலமுறை சுட்டுப் பார்த்த பின்னரே அடுத்த மாற்றத்துக்குச் செல்ல வேண்டும். கட்டையின் நீளத்துக்கும் இதே நெறி பொருந்தும்: பின்முனையில் தகடுகளைச் சேர்த்தும் நீக்கியும் பார்க்க இயலும்போது, ரம்பத்தை எடுக்க அவசரம் வேண்டியதில்லை.

சோக் என்பது குழல்முனையில் உள்ள நெருக்கம். குண்டுகள் எவ்வளவு விரைவில் பரவ வேண்டும் என்பதை அது கட்டுப்படுத்துகிறது. முழு நெருக்கம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்; பாதி, கால் என அது குறைந்துகொண்டே போகும். பெரும்பாலும் 20 மீட்டருக்குள் உடைபடும் ஸ்கீட் தட்டுக்கு மிகச் சிறிய நெருக்கமே போதும்; 30 மீட்டரைக் கடந்து உடைபடும் ட்ராப் தட்டுக்கு முக்கால் அல்லது முழு நெருக்கம் தேவைப்படும். ட்ராப்பின் இறுதிச்சுற்றில் ஒரு தட்டுக்கு ஒரே தோட்டாதான் அனுமதிக்கப்படுவதால், முதற்குழலின் சோக்கைத் தேர்வதிலேயே கவனத்தில் பெரும்பங்கைச் செலவிட வேண்டும். குழலோடு ஒன்றாக அமைந்த நிலையான சோக் இலகுவானது. அதனால் துப்பாக்கி எளிதில் திரும்பும். ஆனால் அதன் நெருக்கத்தைக் கடைந்து குறைக்கலாமேயன்றிக் கூட்ட இயலாது. கழற்றி மாற்றத்தக்க திருகு சோக், ஒரே துப்பாக்கியில் இரு போட்டிகளையும் பயில்வோர்க்கு உதவும்; விலையாக அது கவனத்தைக் கேட்கிறது. சூட்டாலும் அதிர்வாலும் அது தளரும் என்பதால், 25 தட்டுகள் கொண்ட ஒவ்வொரு சுற்றின் முன்னும் வெற்றுத் துப்பாக்கியில் அதைச் சோதித்து இறுக்க வேண்டும். புரிகளில் கரி படியாதபடி கழற்றித் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸ் பூச வேண்டும். சோக் இல்லாமல் ஒருபோதும் சுடலாகாது. ஒரே போட்டியில் நிலைத்துவிட்டவர் நிலையான சோக்கைத் தேர்வதே சிறந்தது.

விசைப்பகுதியில் பட்டைவில், சுருள்வில் என இருவகை உண்டு. பட்டைவில்லின் இயக்கம் விரைவானது, ஆனால் உடைந்தால் அக்குழல் உடனே ஓய்ந்துவிடும். சுருள்வில்லோ உடைந்த பின்னும் பெரும்பாலும் இயங்கும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்குக்காக இத்தாலியில் பெராஸி நிறுவனம் உருவாக்கிய எம்எக்ஸ்8 துப்பாக்கியில் விசைப்பகுதி முழுவதையும் கையாலேயே கழற்ற இயலுவதால், உடைந்த வில்லைப் போட்டிக்களத்திலேயே மாற்றலாம். கழற்றிய விசைப்பகுதியைத் தனியே பூட்டிவைத்தால் துப்பாக்கியை எவரும் சுடவும் முடியாது. உதிரி வில்லும் பழுதுபார்ப்பவரும் எளிதில் கிடைக்காத ஊரில் வாழ்பவருக்குச் சுருள்வில்லே நிம்மதி தரும். எவ்வகையாயினும், விசையை இலகுவாக்கும் நோக்கில் உட்பகுதிகளை அரத்தால் தேய்ப்பதைத் தவிர்த்தே ஆக வேண்டும். கடினப்படுத்தப்பட்ட மேற்பரப்பு தேய்ந்தபின், மூடும் அதிர்விலேயே துப்பாக்கி தானாகச் சுட்டுவிடக்கூடும். இந்தியாவில் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் குழலைக் குறுக்குவதற்கும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் கோருவதையும் மறக்கலாகாது.

பராமரிப்பில் எண்ணெயா கிரீஸா என்ற வினாவுக்கு விடை இடத்தைப் பொறுத்தது. குழல்கள் மடங்கும் கீலிலும் உரசும் தோள்களிலும் அழுத்தம் மிகுதி என்பதால் மெல்லிய கிரீஸ் பூச்சே நிற்கும். குழலின் வெளிப்புறத்துக்கு எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைப்பது போதும். உட்புறத்தில் படியும் ஈயத்தையும் பிளாஸ்டிக்கையும் கரைப்பான் இட்டு, வெண்கலத் தூரிகையை அறைப்பக்கத்திலிருந்து செலுத்தி நீக்க வேண்டும். எண்ணெய் மிகுந்தால் அது பின்னோக்கி வழிந்து மரக்கட்டையின் தலைப்பகுதியை ஊறவைத்து மென்மையாக்கிவிடும். எனவே சுத்தம் செய்த துப்பாக்கியை ஓரிரவு குழல்முனை கீழ்நோக்கியிருக்க, ஒரு துணியின்மேல் சாய்த்து வைப்பது நன்று. கடலோர ஊர்களில் தோலுறையும் பஞ்சுப்பெட்டியும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், அவற்றைப் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதிகள் இட்ட பூட்டிய இரும்புப் பெட்டியையே பயன்படுத்த வேண்டும்.