மோட்டார் சைக்கிளில் ஒரு சார்ஜிங் சாக்கெட்

மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில், சாத்பூரா மலைச்சரிவில் அமைந்த கிளையொன்றில் நாம் சில ஆண்டுகள் பணியாற்றியதுண்டு. அக்கிளைக்கு உட்பட்ட மலைக் கிராமங்களுக்கு வங்கியின் சார்பில் செல்பவர் வங்கி மித்ரா ஒருவரே. கைரேகைக் கருவி, மைக்ரோ ஏ.டி.எம்., கைப்பேசி ஆகிய மூன்றையும் தோள்பையில் இட்டுக்கொண்டு, தம் மோட்டார் சைக்கிளில் காலை எட்டு மணிக்குப் புறப்படுவார். பிற்பகல் இரண்டு மணியளவில் கருவியின் சார்ஜ் தீர்ந்துவிடும். கிராமத்தில் மின்சாரம் இருந்தால் நல்லது. இல்லாவிடில், ஓய்வூதியம் பெறுவதற்காக நெடுந்தொலைவு நடந்து வந்த மூதாட்டிகள் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும்.

அவர் சாலையோரக் கடை ஒன்றில் வண்டிக்கு யு.எஸ்.பி. சார்ஜர் பொருத்திக்கொண்டார். கடைக்காரர் இரண்டு கம்பிகளைப் பேட்டரியின் இரு முனைகளிலும் நேரே முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி அனுப்பிவிட்டார். வேலை பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் தொடர் விடுமுறைக்குப் பிந்திய திங்கட்கிழமையில் வண்டி செல்ஃப் ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு மாதம் கழித்து, மலைப்பாதையில் பெட்ரோல் டேங்கின் அடியிலிருந்து புகை எழுந்தது. அவர் உடனே இறங்கிக் கம்பியைப் பிடுங்கியதால் வண்டி தப்பியது. அந்த வண்டி நம் கிளையின் கடனில் வாங்கப்பட்டது. தவணைகள் பாதிகூட முடிந்திருக்கவில்லை.

வணிகவியல் பட்டதாரியாகிய நமக்கு மின்னியல் பாடம் இல்லை. எனினும் அவ்வூரில் ஐ.டி.ஐ. பயின்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவருடன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அமர்ந்து அந்த வண்டியின் இணைப்பை மாற்றியமைத்தபோது, இது பெரும்பாலும் வரவு செலவுக் கணக்கே என்பது புலனாயிற்று. அன்று கற்றதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் பேட்டரி ஏன் இறங்கியது என்பதைக் காண்போம். சிறிய மோட்டார் சைக்கிள்களின் 12 வோல்ட் பேட்டரி பெரும்பாலும் 3 முதல் 5 ஆம்பியர்-மணி கொள்ளளவே உடையது. வோல்ட் அளவு காட்டும் சிறு விளக்குடன் கூடிய சார்ஜர், கைப்பேசி எதுவும் செருகப்படாத நிலையிலும் ஏறத்தாழ 15 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டே இருக்கக்கூடும். நாளொன்றுக்கு 24 மணி நேரம் எனில் 360 மில்லி ஆம்பியர்-மணி. ஐந்து நாள்களில் 1.8 ஆம்பியர்-மணி. 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய பாதி, ஒருவரும் தொடாமலேயே செலவாகிவிடுகிறது. குறைந்தபட்ச இருப்பு இல்லாத கணக்கில் மாதந்தோறும் கட்டணம் பிடிப்பது போன்ற கசிவு இது. (இவ்வுவமையை எம் மேலாளர் ரசிக்கவில்லை.)

ஆகவே, சாவியைத் திறந்தால் மட்டுமே சாக்கெட்டுக்கு மின்சாரம் வர வேண்டும். சாவி சுவிட்சுக்குப் பின்னுள்ள ஏதேனுமொரு கம்பியில் சாக்கெட்டை நேரே இணைத்துவிடலாமே எனத் தோன்றும். பலரும் அவ்வாறே செய்கின்றனர். அக்கம்பி மெல்லியது, தன் விளக்குக்கோ ஹாரனுக்கோ வேண்டிய அளவுக்கே அமைக்கப்பட்டது. அதனுடன் சார்ஜரின் சுமையும் சேர்ந்து பொதுவான ஃப்யூஸ் போய்விட்டால், சார்ஜரோடு சேர்ந்து விளக்கும் அணையும்; சில வண்டிகளில் எஞ்சினே நின்றுவிடும். இரவில், வளைவில், பின்னால் லாரி வரும்போது அது நேரலாம்.

இதற்குத் தீர்வு ரிலே எனப்படும் சிறு பெட்டி. வங்கியில் பெருந்தொகை வழங்கப்படும் முறையை எண்ணிப் பாருங்கள். அதிகாரி இடுவது ஒரு சிறு கையொப்பம். தொகை வருவதோ காசாளரிடமிருந்து. ரிலேயும் அவ்வாறே. சாவி வழி வரும் கம்பி 0.15 ஆம்பியர் அளவிலான சிறு மின்னோட்டத்தால் ரிலேயின் சுருளைக் காந்தமாக்குகிறது. அக்காந்தம் உள்ளிருக்கும் தொடுமுனையை இழுத்து, பேட்டரியிலிருந்து தனிப்பாதையில் வரும் மின்சாரத்தைச் சாக்கெட்டுக்குத் திறந்துவிடுகிறது. சாவியை மூடினால் தொடுமுனை விலகிவிடும்.

உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட், 30 ஆம்பியர் ரிலேயின் அடியில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 30 என்ற முனைக்குப் பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஃப்யூஸ் வழியாகக் கம்பி வர வேண்டும். 87-லிருந்து சாக்கெட்டின் நேர்முனைக்குச் செல்ல வேண்டும். 85 பேட்டரியின் எதிர்முனைக்கு. 86 சாவி வழி வரும் கம்பிக்கு. ஐந்து கால் ரிலேயாயின் நடுவில் 87 ஏ என்றொரு முனை இருக்கும். அதை வெறுமையாக விடுக. அறியாமல் சாக்கெட்டை அதில் இணைத்தால் எல்லாம் தலைகீழாகும்: சாவியை மூடினால் மின்சாரம் வரும், திறந்தால் நிற்கும். நாம் முதல் ஞாயிற்றுக்கிழமை செய்த தவறு அதுவே.

சாவி வழிக் கம்பியைத் தேர்வதில்தான் கவனம் மிகுதியாக வேண்டும். பின்விளக்கின் கம்பியை எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் பழைய சிறு வண்டிகள் சிலவற்றில் விளக்குகள் பேட்டரியைச் சாராமல் ஆல்டர்னேட்டரின் மாறுமின்னோட்டத்தில் எரிகின்றன. அதில் ரிலேயை இணைத்தால் அது நிலையாக நில்லாது படபடவென அடித்துக்கொள்ளும். அத்தகைய வண்டியில் பிரேக் விளக்கு சுவிட்சுக்கு வரும் கம்பியை நாடலாம். கம்பியின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டா. நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். மல்டிமீட்டரை நேர்மின்னோட்டம் 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் சிவப்பு முனையைக் கம்பியிலும் வைத்துப் பாருங்கள். சாவி திறந்திருக்கையில் 12 வோல்ட்டும், மூடியிருக்கையில் சுழியமும் காட்டினால் அதுவே உரிய கம்பி.

இனி ஃப்யூஸ். அன்று புகை எழுந்ததற்குக் காரணம் இது இல்லாமையே. சாலையோரக் கடைக்காரர் இட்ட கம்பி, ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் சேஸிஸின் விளிம்பில் உரசி உறை தேய்ந்து, செப்பு வெளிப்பட்டு, இரும்பைத் தொட்டுவிட்டது. பேட்டரியின் முழு ஆற்றலும் தடையின்றி அக்கம்பியில் பாய்ந்தது. ஃப்யூஸ் சார்ஜரைக் காப்பதற்கு என்று பலர் கருதுகின்றனர். அது காப்பது கம்பியை. எனவே அது சாக்கெட்டுக்கு அருகில் அல்லாமல், பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃப்யூஸுக்கு முன்னுள்ள கம்பித்துண்டுக்குக் காவல் ஏதுமில்லை என்பதால் அது எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நன்று.

எத்தனை ஆம்பியர் என்பதும் கணக்கே. 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் தரும் சார்ஜரின் திறன் 10 வாட். அதனை 12 வோல்ட்டில் வகுத்து, இழப்பையும் சேர்த்தால் 1 ஆம்பியர் அளவே ஆகும். இரண்டு கருவிகளுக்கு 2 ஆம்பியர். இதற்கு 5 ஆம்பியர் ஃப்யூஸும் 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும் தாராளம். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று அதைவிடப் பெரியதை மாட்டுவோர் உண்டு; சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றுவோரையும் கண்டிருக்கிறோம். கடன் வரம்பு மீறப்படுகிறதெனில் காரணம் கேட்காமல் வரம்பை உயர்த்துவதற்கு அது ஒப்பு. டயருக்குக் காற்றடிக்கும் பம்பு போன்றவை 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். அவற்றை இந்தச் சாக்கெட்டில் செருகலாகாது.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுக. மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுக. வரிசை மாறினால், நேர்முனையில் இருக்கும் ஸ்பானர் சேஸிஸைத் தொட்ட கணத்தில் தீப்பொறி பறக்கும். கம்பிகளை முறுக்கி டேப் சுற்றுவதைத் தவிர்த்து, ஈயப்பற்று வைத்து வெப்பத்தால் சுருங்கும் உறையைப் போர்த்துங்கள்; அல்லது கிரிம்ப் செய்யும் முனைகளைப் பயன்படுத்துங்கள். எஞ்சின் அதிர்வில் டேப் இரண்டு கோடையைத் தாங்காது. வண்டியின் மூலக் கம்பிக்கட்டை ஒட்டியே புதிய கம்பிகளையும் உறையிட்டுக் கட்டிச் செல்லுங்கள். சைலன்சர், எஞ்சின் தலைப்பகுதி ஆகியவற்றிலிருந்து விலக்கியே வைக்க வேண்டும். ஹேண்டில் கழுத்தருகே சிறிது தளர்வு விட்டு, இருபுறமும் முற்றத் திருப்பிக் கம்பி இழுபடவில்லை என உறுதி செய்க. சாக்கெட்டுக்கு ரப்பர் மூடி இருக்கட்டும்.

முடிந்ததும் மீட்டரால் சோதியுங்கள். சாவி மூடியிருக்கையில் சாக்கெட்டில் சுழியம். திறந்தால் 12-க்குச் சற்று மேல். எஞ்சின் ஓடி வேகம் கூடியதும் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை. எஞ்சின் ஓடியும் 12-லேயே நின்றால் குறை சாக்கெட்டில் அன்று, வண்டியின் சார்ஜிங் அமைப்பில் உள்ளது.

பணத்தின் பக்கமும் சிறிது உண்டு. உத்தரவாதக் காலத்திலுள்ள வண்டியில் கம்பியை வெட்டுமுன் உத்தரவாதக் கையேட்டைப் படியுங்கள். மின் அமைப்பில் பிறர் கைவைத்தால் அப்பகுதிக்கு உத்தரவாதம் மறுக்கப்படலாம். புதிய வண்டிகள் சிலவற்றில் இதற்கென்றே நிறுவனம் ஒரு இணைப்பியை விட்டிருக்கும். விற்பனையாளரிடம் கேட்டால் வெட்டும் வேலையே இராது. மோட்டார் காப்பீட்டில் தீயினால் நேரும் சேதம் அடங்கும்; மின்பழுது மட்டும் நேர்ந்தால் பொதுவாக அடங்காது. நிறுவனம் பொருத்தாத மின்சாதனங்களுக்கும் காப்பு வேண்டுமெனில், அவற்றின் மதிப்பைத் தனியே அறிவித்துக் கூடுதல் பிரீமியம் செலுத்த வேண்டும். சில நூறு ரூபாய்ச் சார்ஜருக்கு இது தேவையில்லை. விலையுயர்ந்த விளக்குகளும் வழிகாட்டிக் கருவியும் பொருத்துவோர் எண்ணிப் பார்க்கலாம். கடன் நிலுவையிலுள்ள வண்டியாயின், காப்பீட்டு இழப்பீடு முதலில் கடன் தந்த வங்கிக்கே உரியது என்பதையும் நினைவிற்கொள்க.

அந்த மோட்டார் சைக்கிளுக்கு ரிலே, ஃப்யூஸ், கம்பி, சாக்கெட் எல்லாம் சேர்த்து 800 ரூபாய்க்குள் அடங்கிற்று. எலக்ட்ரீஷியன் கூலி வாங்க மறுத்து, தம் தாயாரின் ஓய்வூதியக் கணக்கில் விரல் ரேகை பதியாத சிக்கலைத் தீர்த்துத் தருமாறு கேட்டார். அதற்கு நமக்கு மூன்று வாரங்கள் ஆயின.