நன்கொடைப் புத்தகங்களுக்கு ஓர் எக்ஸெல் பட்டியல்

பள்ளி நூலகங்களுக்குப் புத்தகங்கள் நன்கொடையாகப் பெட்டி பெட்டியாக வருகின்றன. வந்தவுடன் இருப்புப் பதிவேட்டில் எண் போட்டு அடுக்கிவிட்டால், பிறகு வேண்டாதவற்றைக் கழிக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். எனவே எண் போடும் முன்பே ஒரு பட்டியல் தயாரித்துவிடுங்கள். விடுமுறை நாட்களில் ஒரு பள்ளி நூலகத்தில் இந்தப் பணிக்கு உதவி வருகிறேன். அங்கு நாங்கள் பின்பற்றும் முறை இது.

எக்ஸெல் ஒர்க்‌ஷீட்டில் ஐ.எஸ்.பி.என்., ஒன்பது இலக்கம், தலைப்பு, ஆசிரியர், பதிப்பு ஆண்டு, பொருள், முடிவு என ஏழு தலைப்புகள் அமையுங்கள். முதல் வரிசையான ஏ-யைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மட் செல்ஸ் சென்று டெக்ஸ்ட் என மாற்றுங்கள். இல்லையேல் 13 இலக்க எண் புள்ளியும் இ எழுத்துமாகச் சுருங்கித் தெரியும்; பழைய எண்களின் முதல் பூஜ்யமும் மறைந்துவிடும். எண்களை இடையில் கோடு இன்றி டைப் செய்திடுங்கள்.

2007க்கு முன் ஐ.எஸ்.பி.என். 10 இலக்கங்கள் கொண்டது. பிறகு முன்னால் 978 சேர்ந்து 13 ஆனது. கடைசி சோதனை இலக்கமும் மாறியது. இதனால் ஒரே புத்தகத்தின் இரு பிரதிகளில் இரு வேறு எண்கள் இருக்கலாம். ஆனால் நடுவில் உள்ள ஒன்பது இலக்கங்கள் மாறாது. 13 இலக்க எண்ணுக்கு மிட் ஃபங்ஷனில் 4, 9 என்றும், 10 இலக்க எண்ணுக்கு லெஃப்ட் ஃபங்ஷனில் 9 என்றும் கொடுத்து, அவற்றைப் பி வரிசையில் பெறுங்கள். பிறகு பி வரிசையைத் தேர்ந்தெடுத்து, ஹோம் டேபில் கண்டிஷனல் ஃபார்மட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், டூப்ளிகேட் வேல்யூஸ் எனச் செல்லுங்கள். இரண்டு முறை வந்தவை நிறம் மாறும்.

பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் ஐ.எஸ்.பி.என். இருக்காது. அவற்றுக்குப் பி செல்லைக் காலியாக விட்டு, தலைப்பு வாரியாக சார்ட் செய்து பாருங்கள். தலைப்புகளை யூனிகோடிலேயே டைப் செய்திடுங்கள். சிலவற்றைப் பழைய எழுத்துரு முறைகளில் டைப் செய்தால் சார்ட்டும் தேடலும் சரியாக வராது.

அடுத்து ஆண்டு. கதைப் புத்தகத்திற்கு வயதில்லை. பொது அறிவு நூலுக்கு உண்டு. 2005ல் வந்த நூல் இந்தியாவில் 28 மாநிலங்கள் என்று சொல்லும். இன்றும் எண்ணிக்கை 28தான். ஆனால் அந்தப் பட்டியலில் 2014ல் உருவான தெலங்கானா இருக்காது. 2019ல் யூனியன் பிரதேசமான ஜம்மு காஷ்மீர் மாநிலமாக இருக்கும். விடை சரியாக இருப்பதால் மாணவனுக்குச் சந்தேகமே வராது. எந்த ஃபார்முலாவும் இதைக் கண்டுபிடிக்காது. எனவே பொருள் வரிசையில் ஃபில்டர் போட்டு, பொது அறிவு, அறிவியல், கணினி நூல்களைப் பழைய ஆண்டு முதலில் வருமாறு வரிசைப்படுத்தி, அந்தந்தப் பாட ஆசிரியரிடம் காட்டுங்கள்.

முடிவு வரிசையில் ‘சேர்க்க', ‘வேறு பள்ளிக்கு', ‘கழிக்க' என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். ‘சேர்க்க' என்றுள்ளவை மட்டும் பதிவேட்டில் ஏறட்டும்.